காங்கேயம் பக்கம் கொரங்காடு பார்க்க எந்த மாசம் கிளம்பலாம்?

மாட்டுப் பண்ணை, பெரிய மேய்ச்சல் நிலம்னாலே நிறைய பேருக்கு வெளிநாட்டு ரான்ச்தான் ஞாபகம் வருது. நம்ம காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையா கொரங்காடுங்கிற மேய்ச்சல் காடு இருக்குங்க. செம்மண் சரளை பூமி, சுத்தி முள்ளுக்கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க வெள்வேல மரம். மாட்டை உள்ள விட்டு படலை (வேலிக் கதவை) சாத்திட்டா மேய்க்கிறதுக்குன்னு தனியா ஆள் வேண்டாம், ராத்திரி பகல் அதுபாட்டுக்கு மேயும். காங்கேயம் மாடு இன்னிக்கும் நிக்குதுன்னா அதுக்கு இந்தக் காடுதான் பெரிய காரணம்ங்கிறது என் கருத்து.

ஆனா லீவு கிடைச்ச நாள்ல கிளம்பி போய்ட்டு "வெறும் கட்டாந்தரையா இருந்துச்சு"ன்னு திரும்பி வர்றவங்க ரொம்ப பேரு. மாசம் பாத்து போகணும், அதை எப்படி பாக்குறதுன்னு நான் பழகின மாதிரியே சொல்றேன்.

ஸ்டெப் 1: எதை பார்க்க போறீங்க?

பச்சைப்புல்லுல மாடு மேயுறத பார்க்கணுமா, இல்ல நிறைய மாட்டை ஒரே இடத்துல பார்க்கணுமா? ரெண்டும் ஒரே மாசத்துல அமையாது. மாட்டுக்கூட்டம்தான் வேணும்னா சித்திரை, கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டி சந்தை கூடும். மயிலை, காரி, செவலைன்னு எல்லா நிறமும் அங்க பாக்கலாம். ஆனா அப்ப காடு காஞ்சு கிடக்கும், வெயிலும் நல்லா ஏறியிருக்கும். காடுதான் வேணும்னா தொடர்ந்து படிங்க.

ஸ்டெப் 2: எந்த மழைன்னு புரிஞ்சுக்கணும் (இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க)

ஜூன் ஜூலையில வால்பாறையில கொட்டுது, கோயம்புத்தூர்லயும் வானம் மூடி சிலுசிலுன்னு இருக்கு, அப்ப காங்கேயமும் பச்சையா இருக்கும்னு நினைச்சிக்கிறோம். அப்படி இல்லைங்க. தென்மேற்கு பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்பக்கமே பெருசா கொட்டிடும், பாலக்காட்டுக் கணவாய் வழியா இந்தப்பக்கம் வர்றது பெரும்பாலும் காத்து. பல்லடம், உடுமலை, தாராபுரம் பூரா காத்தாலை நட்டு வச்சிருக்காங்களே, அது இந்தக் காத்தை நம்பித்தான். வைகாசி கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் காத்து அடிக்கும், மேகம் ஓடும், மண்ணு பறக்கும், மழை மட்டும் கொஞ்சமாத்தான் இறங்கும். போன்ல கோயம்புத்தூர் வெதர பாத்துட்டு காங்கேயத்துக்கு கிளம்பக்கூடாதுன்னு நான் அடிச்சு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

இந்தப் பூமிக்கு முக்கியமான மழை ஐப்பசி கார்த்திகை மழைதான், அதாவது வடகிழக்கு பருவமழை. கோடை மழை நல்லா பேஞ்ச வருஷம் வைகாசியில ஒரு லேசான பச்சை வரும், ஆனா காத்து அதை சீக்கிரம் காய வச்சிடும்.

இன்னொன்னு, மழை பேஞ்ச மறுவாரமே போகாதீங்க. கொழுக்கட்டைப்புல்லு கோடை பூரா காஞ்ச தூரா நிக்கும், ஈரம் பட்டதும் அந்த தூர்ல இருந்தே துளுக்கும், ஆனா மாடு வாய் வச்சு மேயுற அளவுக்கு எந்திரிக்க மூணு நாலு வாரமாவது வேணும். அதுவரைக்கும் சில பேரு காட்டுக்குள்ள மாட்டையே விட மாட்டாங்க, இளம்புல்லு மிதிபட்டா வீணாப்போயிடும்னு படலை சாத்தி வச்சிருப்பாங்க. காடு பச்சையா இருக்கும், உள்ள மாடு இருக்காது!

அதனால மழை தேதியோட ஒரு மாசம் கூட்டிக்கங்க. ஐப்பசி பாதியில நல்ல மழை விழுந்தா கார்த்திகை பாதிக்கு மேல சரியா இருக்கும், மழை தள்ளிப்போனா நீங்களும் தள்ளிப்போங்க.

ஸ்டெப் 3: வேலியை பாருங்க

வெதர் ஆப்ல நான் விண்டி மட்டும்தான் வச்சிருக்கேன், காத்தை தெளிவா காட்டும். ஆனா அதெல்லாம் இனிமே வரப்போறதத்தான் சொல்லும், நமக்கு வேண்டியது ஏற்கனவே பேஞ்சுச்சாங்கிறது. கூகுள் மேப் சேட்டிலைட்ல கிளுவை வேலி கட்டம் கட்டமா அழகா தெரியும், காடு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க அது போதும், பச்சையா இருக்கான்னு பாக்க அதை நம்பாதீங்க, படம் பழசா இருக்கலாம்.

எல்லாத்தையும் விட நல்ல வழி காட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டு "புல்லு எந்திரிச்சிருச்சுங்களா?"ன்னு கேக்குறதுதான். அப்படியே வேலியை ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. கிளுவை மழையில்லாத காலத்துல இலையெல்லாம் உதுத்துட்டு வெறும் முள்ளா நிக்கும், மண்ணுல ஈரம் இருந்தா தழைஞ்சு நிக்கும். வேலி தழைஞ்சிருந்தா தைரியமா கிளம்பலாம்.

ஸ்டெப் 4: நாள்காட்டியில முகூர்த்தம் பாருங்க

இது யாரும் சொல்றதில்ல. முகூர்த்த நாள்ல ஊர்ல பாதிப்பேரு கல்யாண மண்டபத்துலதான் இருப்பாங்க, காட்டை சுத்திக்காட்ட ஆள் இருக்காது. தையில புல்லு இன்னும் நல்லாத்தான் இருக்கும், ஆனா முகூர்த்தம் நெருக்கி வரும். மாட்டுப்பொங்கல் அன்னிக்கு பட்டிப்பொங்கல் வைப்பாங்க, அது அவங்க வீட்டு நோம்பி, கூப்பிட்டா மட்டும் போங்க.

என்னைக் கேட்டா மார்கழிதான். கல்யாணம் கிடையாது, வீட்ல ஆள் இருப்பாங்க, பெருமழை பெரும்பாலும் ஓஞ்சிருக்கும், புல்லு நிமிர்ந்து நிக்கும், காலையில பனி. குளிருக்கு வலசை வர்ற பூனைப்பருந்து புல்லு மேல தாழப் பறக்கிறதையும் அப்ப பாக்கலாம். பள்ளிக்கூட அரையாண்டு லீவும் அதுல வந்துடும்.

ஸ்டெப் 5: போற அன்னிக்கு

விடிஞ்சதும் உள்ள போய்டுங்க, பத்து மணிக்கு மேல மாடு வெள்வேல நிழல்ல படுத்துடும். செருப்பு வேண்டாம், வெள்வேல முள்ளு அடியில ஏறிடும், கனமான ஷூ போடுங்க. வண்டியை தார் ரோட்டுலயே நிறுத்துங்க. படலை தெறந்தா உடனே சாத்துங்க. பூச்சிகாளை (இனவிருத்திக்கு வச்சிருக்கிற காளை) பக்கம் காட்டுக்காரர் இல்லாம போகவே கூடாது.

பின்னாடி சேர்த்தது: குழந்தைங்களோட போறவங்க கன்னுக்குட்டி இருக்குமான்னு கேட்டிருந்தாங்க. இருக்கும், போன்லயே கேட்டுக்கங்க. காங்கேயம் கன்னு பிறக்கும்போது செவப்பா இருக்கும், ஆறு மாசம் வாக்குல நிறம் மாறி மயிலையாகும், அதனால தாய் வெளுப்பா, கன்னு செவப்பா நிக்கிறத பாத்து வேற மாட்டோட கன்னுன்னு நினைச்சிடாதீங்க.

இன்னொருத்தர் ஒரே நாள்ல நாலஞ்சு காடு பாக்கலாமான்னு கேட்டாரு. பாக்காதீங்க. கோமாரி (மாட்டுக்கு வாய்லயும் கால்லயும் புண்ணு வர்ற தொத்து நோய்) ஒரு பட்டியில இருந்து இன்னொரு பட்டிக்கு நம்ம ஷூவுல ஒட்டின சாணி மண்ணு வழியாவே போகும். ஒரு காடு போதும், அடுத்தது போயே ஆகணும்னா ஷூவை நல்லா கழுவிட்டு, வேற துணி மாத்திட்டு போங்க. கோமாரி ஓடுற சமயம்னு காட்டுக்காரர் சொன்னா அந்தத் தடவை விட்டுடுங்க, தை கடைசி வரைக்கும் புல்லு இருக்கும்.