நரம்பு என்று சொல்லி ஏமாறாதீர்கள்

காட்பாடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சென்ற சித்திரையில் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். லுங்கித் தறி ஓட்டுகிறவர். மற்றவர்கள் போகும்வரை சோப்பு அடுக்கைப் பார்த்தபடி நின்றார். பிறகு மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த ஸ்கேன் தாளை எடுத்து நீட்டி, "நரம்பு சுருண்டிருக்கிறதாம் அண்ணா, நரம்புக்கு ஒரு டானிக் கொடுங்கள்" என்றார். தாளில் இருந்தது: இடப்பக்கம் வேரிகோசில், இரண்டாம் நிலை.

தவறு அந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. நம் பேச்சில் ரத்தக் குழாயும் நரம்புதான். ஊசி போடுகிறவர்கூட 'நரம்பு கிடைக்கவில்லை' என்றுதான் கையைத் தட்டுகிறார். வேரிகோசிலில் புடைப்பவை விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள். அவற்றின் வால்வுகள் சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழே தேங்குகிறது. காலில் வரும் வேரிகோஸ் போலத்தான். இடப்பக்கச் சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் செங்கோணமாகப் போய்ச் சேர்வது. அதனால் பெரும்பாலும் இடப்பக்கமே வருகிறது. நரம்பு என்று காதில் விழுந்ததும் மனம் நரம்புத் தளர்ச்சிக்குத் தாவுகிறது. அங்கிருந்து 'ஆண்மைக் குறைவா?' என்று கேட்கும் சுவரொட்டி வெகுதூரமில்லை. அந்தத் தம்பியும் ஏற்கெனவே ஒரு லாட்ஜ் அறையில் லேகியத்துக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

தாம்பத்திய உறவில் இயலாமைக்கும் இதற்கும் பொதுவாகத் தொடர்பில்லை. சிறுவயதுச் சுயஇன்பத்தால் வருவதும் இல்லை. நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் இல்லாமலே தந்தையாகிறார்கள். சிலருக்கு மட்டும் விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைகின்றன.

வேலூர்க்காரர்கள் எதற்கும் சூட்டைக் குற்றம் சொல்வோம். வெயில் அப்படி. விரை உடலைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும் என்பது உண்மை. ஆனால் வால்வு கெட்ட சிரை எண்ணெய்க் குளியலாலும் இளநீராலும் சுருங்காது.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி கேட்டு வருகிறவர்களும் உண்டு. குழந்தை வேண்டும் என்பவருக்கு அதைவிடக் கேடு வேறில்லை. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் ஏறினால், விரையை வேலை செய்யச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளை அடங்கிவிடும். விந்தணு உற்பத்தி நின்றேகூடப் போகலாம்.

ஸ்கேனில் வேரிகோசில் என்று வந்தாலே ஆபரேஷன் என்று ஓடுவது இன்னொரு தவறு. கையால் தொட்டு உணர முடியாத, ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு வீக்கத்துக்குப் பொதுவாக அறுவை தேவையில்லை. அறுவை என்றால் அது தொட்டால் தெரிய வேண்டும். கூடவே விந்துப் பரிசோதனையில் குறையும் குழந்தையின்மையும் இருக்க வேண்டும், அல்லது வலி தொல்லை தர வேண்டும். வளரும் பையனுக்கு ஒரு விரை சிறுத்துக்கொண்டே வந்தாலும் யோசிப்பார்கள். அறுவை செய்தாலும் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், ஏனெனில் ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய 70 நாட்கள் எடுக்கிறது. சென்ற மாதம் கடும் காய்ச்சல் கண்டவருக்கு இந்த மாதம் எண்ணிக்கை குறைந்து வரலாம். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது. விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாள் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும்.

சில வீக்கங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. திடீரென்று விரையில் கடும் வலி வந்தால் அது விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விரையையே இழக்க நேரிடலாம். வலப்பக்கம் மட்டும் புதிதாகப் புடைத்தாலோ, படுத்தாலும் புடைப்பு வடியாவிட்டாலோ வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

தம்பியிடம் மனைவியைப் பற்றிக் கேட்டேன். குழந்தைக்காக நான்கு ஆண்டுகளாக அவருக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை. ஃபைல் மட்டும் இரண்டு விரற்கடை பருமன் என்றார். இவருக்கு விந்துப் பரிசோதனை ஒருமுறைகூட நடக்கவில்லை. டானிக் கொடுக்கவில்லை. 'முதலில் விந்துப் பரிசோதனை, பிறகு யூராலஜி மருத்துவர்' என்று ஒரு மருந்து உறையின் மேல் எழுதிக் கொடுத்தேன். அதையும் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.