கேஸ் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன்: கடலோர வீடுகளுக்கான பிரிட்ஜ் பழுதுபார்ப்பு

பிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்றவுடன், "கேஸ் இறங்கியிருக்கும், ஏற்றினால் சரியாகிவிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவார்கள். பிரிட்ஜில் உள்ள கேஸ் கம்ப்ரசர், சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், கேபிலரி என்னும் மெல்லிய குழாய், குளிர்விக்கும் ஃப்ரீசர் காயில் ஆகியவற்றை இணைத்துப் பற்றவைத்து மூடிய ஒரே சுற்றுக்குள் ஓடிக்கொண்டிருப்பது. சமையல் சிலிண்டரைப் போல அது செலவாகித் தீர்ந்துபோகாது. குழாயில் எங்கேனும் ஓட்டை விழுந்தால்தான் குறையும். ஆகவே மின்சாரம், காற்றோட்டம், கதவு ரப்பர், பனி அடைப்பு, கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலே ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகே கேஸைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

கடலூரில் தேவனாம்பட்டினம், தாழங்குடா, புதுச்சேரியில் வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் போன்ற கடலையொட்டிய பகுதிகளில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். உப்புக் காற்று ஈரத்தோடு சேர்ந்து கண்டென்சர் குழாயிலும், செம்பும் இரும்பும் சேரும் பற்றவைப்பிலும், கம்ப்ரசரின் டெர்மினல்களிலும் படிந்து அரிக்கிறது. அதனால் கேஸ் கசிவு இங்கே உண்மையிலேயே நேர்வதுண்டு. அதே உப்பு ஒரு வயர் முனையை மட்டும் அரித்துவிட்டுக் கேஸ் பழுது போலத் தோற்றம் காட்டுவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் வீண் செலவு மிச்சமாகும்.

முதலில் வெப்பநிலையை அளந்துவிடுங்கள். கையால் தொட்டுப் பார்ப்பது கணக்காகாது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை இட்டு நடுத்தட்டில் இரவு முழுதும் வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் பிரிட்ஜில் குறையில்லை. ஃப்ரீசர் மைனஸ் 18 அளவில் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் சமையலறையே கொதித்துக் கிடக்கும்போது ஓரிரண்டு டிகிரி கூடினால் அதைப் பழுதென்று கொள்ள வேண்டியதில்லை.

அடுத்து மின்சாரம். உள்விளக்கு எரிகிறது என்பதனாலேயே மின்சாரம் போதுமான அளவில் வருகிறது என்று ஆகிவிடாது. விளக்குக்குச் சிறிதளவே போதும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சாக்கெட்டில் 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டியது, மாலையில் எல்லா வீடுகளிலும் ஏசி ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடலாம். 180 வோல்ட்டுக்கும் கீழே போனால் சாதாரணக் கம்ப்ரசர் கிளம்பத் திணறும். அதனால் பகலில் ஒருமுறையும், பழுது தோன்றும் அதே நேரத்தில் ஒருமுறையும் அளப்பது நல்லது. மெல்லிய வயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் போர்டில் பிரிட்ஜைச் செருகவே கூடாது. பிளக்கை உருவி அதன் பின்களைப் பாருங்கள்: பச்சை பூத்திருந்தாலோ, சாக்கெட் ஓரம் பழுப்பேறிக் கருகியிருந்தாலோ, அந்தச் சாக்கெட்டை மாற்றுவதுதான் முதல் வேலை. கதவைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்றால், மற்ற எந்தச் சோதனைக்கும் முன்பாக எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் இணைப்பைப் பார்க்க வைத்துவிடுங்கள். காய்ந்த மணற்பாங்கான நிலத்தில் எர்த் குழி விரைவில் வலுவிழக்கும் என்பதால் கடலோரத்தில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

பிரிட்ஜை நிறுத்திய உடனே மீண்டும் போடுவதும் தவறு. உள்ளே அழுத்தம் சமநிலைக்கு வர ஐந்து நிமிடமாவது தேவை. மின்வெட்டு வந்து வந்து போகும் இடங்களில் இந்தத் தாமதத்தைத் தானாகவே தரும் ஸ்டெபிலைசர் இருந்தால் கம்ப்ரசர் நீண்ட காலம் உழைக்கும்.

காற்றோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்புறம் கறுப்புக் கம்பி வலை போன்ற கண்டென்சர் இருந்தால், பிளக்கை உருவிவிட்டுக் காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, சுவரிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். பின்புறம் வழவழப்பாக இருக்கும் புதிய மாடல்களில் கண்டென்சர் பக்கவாட்டுத் தகட்டுக்குள் இருக்கும். அங்கே சூடு தெரிவது இயல்பு. அந்தப் பக்கத்தில் ஆணி, ஸ்குரூ எதையும் அடித்துவிடாதீர்கள். போர் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளில் தரை துடைக்கும் நீர் பிரிட்ஜின் அடித்தகட்டையும் கால்களையும் அரித்துவிடும். ஒரு ஸ்டாண்டு போட்டு உயர்த்தி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு ரூபாய் நோட்டுப் போதும். நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி மெதுவாக இழுங்கள். இழுவை தெரியாமல் நழுவி வரும் இடத்தில் காற்று உள்ளே போகிறது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரப்பரின் மடிப்புகளுக்குள் கறுப்புப் பூஞ்சை பிடித்துக் கெட்டிப்பட்டிருக்கும். சோப்பு நீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, துடைத்து, வளைந்த இடத்தை ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் இளக்கி, கதவை மூடி ஆறவிட்டால் பெரும்பாலும் மீண்டும் படிந்துவிடும். கிழிந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லிப் புது ரப்பர் வாங்குவதே வழி. கதவை மூடிய பின்னும் விளக்கு எரிகிறதா என்று அறிய, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி எடுத்துப் பாருங்கள். எரியும் பல்பும் உள்ளே சூட்டைக் கூட்டும்.

இனி, பனியைத் தானாகவே உருக்கிக்கொள்ளும் டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜ்களில் மிகுதியாக வரும் பழுது. மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே பால் திரிகிறது என்பதே அதன் அடையாளம். இவ்வகையில் காயில் ஃப்ரீசரின் பின்சுவருக்குள் இருக்கும். ஒரு சிறிய ஃபேன் அங்கிருந்து குளிர்காற்றைக் கீழே தள்ளும். காயிலில் படியும் பனியை ஒரு ஹீட்டர் குறித்த இடைவெளியில் உருக்கிவிடும். ஹீட்டரோ, அதை இயக்கும் டைமரோ, சென்சாரோ கெட்டால் பனி சுவராக வளர்ந்து ஃபேனையும் காற்று வழியையும் அடைத்துவிடும். இது கேஸ் குறைவு இல்லை. ஆனால் கேஸ் குறைவென்று தவறாகச் சொல்லப்படுவது இந்தப் பழுதுதான்.

கண்டறிவது எளிது. முதலில் ஃப்ரீசரில் காற்று வரும் துளைகளைப் பாருங்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மொத்தமாக வாங்கிய மீனைப் பொட்டலங்களாக அடுக்கித் துளைகளை மூடி வைத்திருந்தாலும் இதே விளைவுதான். அவை திறந்திருந்தால், கம்ப்ரசர் ஓடும்போது கதவோரத்தில் உள்ள ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் ஃபேன் சுழலும் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை, அல்லது எதிலோ உரசுவது போல் கரகரவென்று கேட்கிறது என்றால், எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பிளக்கை உருவி, இரண்டு கதவுகளையும் திறந்து, அடியில் துணி விரித்து முழுதாக ஒரு நாள் விட்டுவிடுங்கள். மீண்டும் போட்டதும் கீழ்ப்பகுதி நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் பழையபடி ஆனால், பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் பகுதியில்தான் குறை என்று உறுதி. ஹீட்டருக்கும் அதன் ஃபியூசுக்கும் மல்டிமீட்டர் வைத்து, தொடர்பு அற்றுப்போனதை மட்டும் மாற்றினால் போதும். பனியைக் கத்தியால் குத்தி எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். காயிலின் அலுமினியம் மிக மெல்லியது. கத்தி பட்டால், அதுவரை இல்லாத கேஸ் கசிவு அப்போதுதான் தொடங்கும்.

கீழே தண்ணீர் தேங்கினால், பனி உருகிய நீர் வெளியேறும் துளை அடைத்திருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை ஏற்றிச் செலுத்தினால் திறந்துகொள்ளும்.

கம்ப்ரசர் கிளம்பவே இல்லை, சில நிமிடத்துக்கு ஒருமுறை "டக்" என்று மட்டும் கேட்கிறது என்றால், ரிலேயையும், கம்ப்ரசர் அதிகம் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடையும் பார்க்க வேண்டும். பிளக்கை உருவி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் இருந்தால் மெக்கானிக் சொல்லிக்கொடுத்த முறையில் அதை டிஸ்சார்ஜ் செய்த பிறகே மூடியைக் கழற்றுங்கள்; அந்த முறை தெரியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கம்ப்ரசரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ரிலேயை நேராக இழுத்து எடுத்து, காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்று உடைந்த துண்டு ஆடினால் ரிலே போய்விட்டது. விலை குறைந்த இந்தப் பொருளுக்காகக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்லும் இடங்களும் இருப்பதால், இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள். டெர்மினல் முனைகள் பச்சையாக அரித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்த கிளிப்பை மாற்றிச் செருகுங்கள்.

பிறகு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கம்ப்ரசரின் மூன்று பின்களையும் இரண்டிரண்டாக அளக்கவும். கிடைக்கும் மூன்று எண்களில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தால் மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங் நன்றாக உள்ளது. எந்த ஒரு பின்னுக்கும் கம்ப்ரசரின் உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் அந்தப் பிரிட்ஜை மீண்டும் மின்சாரத்தில் செருகக் கூடாது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதை போர்டோடு சேர்த்து மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் கண்டென்சர் லேசாகத்தான் சுடுகிறது, ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி படிகிறது என்றால் கேஸ் கசிந்திருக்க வாய்ப்பு உண்டு. கேஸ் ஏற்றும் வேலையை வீட்டில் செய்ய முயல வேண்டாம். இன்றைய பிரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஆர் 600ஏ என்பது ஐசோபியூட்டேன்; எளிதில் தீப்பற்றும். உங்கள் பிரிட்ஜில் எந்தக் கேஸ் என்பது கம்ப்ரசரில் ஒட்டிய லேபிளில் இருக்கும். வரும் மெக்கானிக்கிடம், ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தீர்களா, ஃபில்டரை மாற்றினீர்களா, குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்குவம் போட்டீர்களா, லேபிளில் உள்ள அதே கேஸை எடைபோட்டு ஏற்றினீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். ஓட்டையை அடைக்காமல் ஏற்றிய கேஸ் மீண்டும் வெளியேறியே தீரும்.

புயல் காலத்துக்கும் ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த பின் கடலூரில் பல நாட்கள் மின்சாரமே இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரித் தெருக்களை வெள்ளக்காடாக்கியது. மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் வைத்திருங்கள். கீழ்ப்பகுதி நான்கு மணி நேரம் வரை தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் அதைவிட நெடுநேரம் தாங்கும். மின்சாரம் திரும்பியவுடன் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் என்பதால் பிளக்கை முன்கூட்டியே உருவி வைத்து, விளக்குகள் நிலையாக எரியத் தொடங்கிய பிறகு செருகுங்கள். வெள்ள நீர் கம்ப்ரசரை எட்டியிருந்தால், வெளிப்பார்வைக்குக் காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் போட்டுப் பார்க்க வேண்டாம். மின் இணைப்பு இல்லாத நிலையில் கம்ப்ரசர் பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிச் சேற்றையும் உப்பையும் போக்கி, ரிலே, ஓவர்லோடு, வயர் முனைகளைக் கழற்றி நன்றாக உலர்த்தி, இன்சுலேஷனை மெக்கானிக் அளந்து சரி என்று சொன்ன பிறகே மீண்டும் இணைக்க வேண்டும்.