கிளாட் எழுதப் போகும் பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு

பெங்களூரில் வளர்ந்த பிள்ளைக்குச் சட்டம் படிக்க ஆசையா? கிளாட் என்பது சட்டப் படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு. அதை எழுதிச் சேரும் நாகரபாவி தேசிய சட்டப் பள்ளியில் கர்நாடக மாணவர்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தாய்மொழி கன்னடமாக இருக்க வேண்டியதில்லை. இந்த மாநிலத்தில் 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் படித்திருந்தால் போதும். நம் வீடுகளில் பலர் "அது நமக்கு வராது" என்று அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். பிள்ளை இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும், அங்கே படித்ததற்குச் சான்றான ஸ்டடி சர்டிபிகேட் வாங்க வேண்டியிருக்கும். கடைசி வாரத்தில் அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

சரி, தேர்வு. 120 நிமிடத்தில் 120 கேள்வி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். கேள்விகள் பத்திகளை ஒட்டியே வரும், சட்டப் பகுதியும் அப்படித்தான். முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை. அதனால் கைடுகளை வாங்கிக் குவிப்பதைவிட, தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைக் கடிகாரம் வைத்துப் படித்து, சாரத்தை வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரியாமல் ஓட்டிய இடம் அங்கே உடனே தெரிந்துவிடும். கணக்குப் பகுதி சுமார் 10 சதவீதம்தான், பத்தாம் வகுப்பு அளவு, கைவிடாதீர்கள்.

அப்புறம், டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டில் சேராது. அதற்கு ஐலெட் தேர்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். திருச்சியில் உள்ளது கிளாட் மூலம்தான்.