ஐரிஷ் மொழி வானொலியைக் கேட்டுப் பழகுவது எப்படி?

ஐரிஷ் மொழி படிக்கத் தொடங்குபவர்களில் பலர் செயலியோடு நின்றுவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் அதை எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வானொலியை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. இங்கிருந்தே கேட்கலாம், காசும் வேண்டாம்.

படி 1: நிலையம்

ராடியோ ந கேல்தக்தாவில் தொடங்குங்கள். அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஈ நடத்தும் நிலையம் இது. ஆர்டிஈயின் இணையதளத்திலும் வானொலிச் செயலியிலும் நேரலையாகக் கிடைக்கும், விளம்பரத் தொல்லை இல்லை. அயர்லாந்து நேரம் நமக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும், கோடையில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கும். அதனால் அங்கே காலைச் செய்தி ஓடும்போது இங்கே மதியம்.

கேட்கும் முன் ஒரு விஷயம். ஐரிஷ் பேசும் ஊர்களின் மக்கள் போராடிப் பெற்ற நிலையம் இது. 1970இல் மேற்கு அயர்லாந்தின் கானமாரா பகுதியைச் சேர்ந்த இளைஞர்கள் உரிமம் இல்லாமலே ‘சீர் ராடியோ கானமாரா’ என்ற பெயரில் தாங்களே ஒலிபரப்பிக் காட்டினார்கள். 1972 ஏப்ரல் 2, ஈஸ்டர் ஞாயிறன்று அரசு நிலையம் பிறந்தது. கானமாராவில் காஸ்லா என்ற சிற்றூரில்தான் இன்றும் அதன் தலைமையகம் இருக்கிறது. மாணவர்களுக்காக யாரும் இதில் நிறுத்தி நிதானமாகப் பேச மாட்டார்கள். முதல் வாரம் ஒன்றும் பிடிபடாவிட்டால் கவலை வேண்டாம்.

படி 2: ஒரே ஒரு வட்டார வழக்கு

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஐரிஷில் மூன்று பெரிய வழக்குகள் உண்டு. நலம் விசாரிப்பதிலேயே வேறுபாடு தெரிந்துவிடும்: தெற்கே கெர்ரியில் ‘கொனஸ் தா தூ’, மேற்கே கானமாராவில் ‘கே ஹீ வில் தூ’, வடக்கே டோனிகாலில் ‘கஜே மர் தா தூ’. மூன்றையும் கலந்து கேட்டால் காது குழம்பிப்போகும். உங்கள் பாடநூல் எந்த வழக்கைப் பின்பற்றுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். டோனிகாலுக்கு ‘பார்ஷ்கேல்தா’, கானமாராவுக்கு ‘இரிஷ் அனியர்’, கெர்ரிக்கு ‘அன் சீல் ஓ யஸ்’ என்று அந்தந்தப் பகுதிக்கான நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஒன்றைப் பிடித்து இரண்டு மூன்று மாதம் அதிலேயே இருங்கள். அறிவிப்பாளரின் குரல் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 3: செய்தியும் வானிலையும்

முதலில் வானிலை அறிக்கை. சின்னது, தினமும் ஏறக்குறைய அதே சொற்கள்தான் வரும். மழைக்கு ‘பாஷ்ட்யாக்’, இன்றைக்கு ‘இன்யூ’, நாளைக்கு ‘அமாராக்’. இந்த மூன்றும் காதில் விழுந்தாலே போதும்.

அப்புறம் செய்திக்கு வாருங்கள். அன்றைய அயர்லாந்துச் செய்திகளை வேறு மொழியில் முன்கூட்டியே படித்துவிட்டுக் கேட்டால் ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் பிடிகொடுக்கும். ஆனால் சொல்லின் முதல் ஒலி மாறும் என்பதை நினைவில் வையுங்கள். கால்வே நகரம் ஐரிஷில் ‘காலிவ்’, கால்வேயில் என்றால் ‘இ ஙாலிவ்’. தெரிந்த ஊரே காதுக்குத் தப்பிப்போவது இதனால்தான்.

படி 4: மரண அறிவிப்புகள்

இந்த நிலையத்தில் மரண அறிவிப்புகளும் வாசிக்கப்படுகின்றன. இறந்தவர் பெயர், ஊர், தேவாலயம், அடக்கம் நடக்கும் நேரம் என்று ஒரே அமைப்பில் வருவதால் எண்களும் கிழமைகளும் நன்றாகப் படியும். பயிற்சிக்காகக் கேட்டாலும் அது ஒரு வீட்டின் துக்கம், அந்த மரியாதையோடு கேளுங்கள்.

படி 5: திரும்பக் கேட்பது

நேரலை ஓடிவிடும். ஆகவே பழைய ஒலிப்பதிவில் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து, காதில் விழுந்ததை எழுதிப்பாருங்கள். சந்தேகமான சொல்லை ‘டியாங்லன்’ இணைய அகராதியில் தேடினால் மூன்று வழக்குகளிலும் உச்சரிப்பைக் கேட்கலாம். தமிழ் எழுத்தில் நான் எழுதியிருப்பது தோராயம்தான், அங்கே போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: மற்ற நிலையங்கள்

ஒரு வழக்கு காதில் நின்ற பிறகு வெளியே வாருங்கள். டப்ளினில் 1993 முதல் ‘ராடியோ ந லிஃப’ இயங்குகிறது, பெல்ஃபாஸ்டில் ‘ராடியோ ஃபால்டியா’ இருக்கிறது. இரண்டிலும் நகரத்து ஐரிஷ் கேட்கும், அதில் பள்ளியில் கற்றுப் பேசுபவர்களின் குரலும் நிறைய. பாப் பாட்டுப் பிடித்தவர்களுக்கு ‘ராடியோ ரீ ரா’. வாத்தியமே இல்லாமல் பாடும் ‘ஷான் நோஸ்’ பாட்டு வேண்டுமென்றால் மறுபடியும் ராடியோ ந கேல்தக்தாவுக்குத்தான் வர வேண்டும்.