பழைய ட்வீட் கோட்டு வாங்கறதுக்கு முன்னாடி எதையெல்லாம் தொட்டுப் பாக்கணும்

ஜாக்கெட்னு எழுதினா நம்மாளுங்க ப்ளவுஸ்னு நினைச்சுக்குவாங்க, அதனால கோட்டுன்னே எழுதுறேன். ட்வீட்ங்கறது கெட்டியான கம்பளித் துணி. பிரிட்டன் கிராமப்பக்கம் வேட்டைக்கும் குதிரை சவாரிக்கும் போட்டுட்டுப் போன கோட்டு இது, அதுல இருக்கற ஒவ்வொரு தையலுக்கும் ஒரு வேலை உண்டு, அந்த வேலையை இன்னும் செய்யுதான்னு பாக்கறதுதான் விஷயமே.

1. துணி. தூரத்துல வெறும் பச்சையா தெரியறது கிட்டக்க போனா மஞ்சள், நீலம், ஆரஞ்சுன்னு புள்ளி புள்ளியா தெரியும். ஹாரிஸ்ங்கற ட்வீட் வகைல கம்பளிக்கு சாயம் போட்டு, கலர்களைக் கலந்து, அப்புறம்தான் நூலே நூற்பாங்க.

2. லேபிள். உருண்டை மேல சிலுவை முத்திரை இருந்தா ஹாரிஸ். ஸ்காட்லாந்தோட அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகள்ல, நெசவாளி தன் வீட்டுலயே கையால நெய்ஞ்சிருக்கணும்னு 1993ல சட்டமே போட்டிருக்காங்க. ஆனா முத்திரை துணிக்கு மட்டும்தான், தைச்சது எந்த ஊராவும் இருக்கலாம், இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க.

3. பாக்கெட். சாய்வா இருந்தா ஹேக்கிங் கோட்டு, அதாவது குதிரை சவாரிக்கு, உக்காந்தபடியே ஈசியா கை விடலாம். மடிப்பு வெச்சு உப்பற மாதிரி இருந்தா துப்பாக்கி தோட்டா போட்டுக்க.

4. முதுகு. இதுதான் எனக்குப் பிடிச்ச இடம். நடுவுல ஒரே நீளமான வெட்டு இருந்தா சேணத்துல உக்காரும்போது கோட்டு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு விழும். தோளுக்குப் பின்னாடி மடிப்பு இருந்தா போட்டுக்கிட்டு துப்பாக்கி பிடிக்கற மாதிரி ரெண்டு கையையும் தூக்குங்க, கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல, மடிப்பு விரிஞ்சா நிஜம், முதுகு இழுத்துப் பிடிச்சா சும்மா அழகுக்கு தைச்சது. முன்னாடி பின்னாடி மடிப்பும் இடுப்புல பெல்ட்டும் இருந்தா அது நார்ஃபோக்ங்கற கோட்டு வகை, 1860கள்லேருந்து வர்றது.

5. தோள்ல தோல் ஒட்டு. துப்பாக்கிக் கட்டை இடிக்கற இடம், வலது கைக்காரருக்கு வலது தோள்ல மட்டும் இருந்தாப் போதும்.

6. காலர். இடது மடிப்புல இருக்கற ஓட்டை பூ சொருகறதுக்குன்னு நினைப்போம், இதுல காலரைத் தூக்கிவிட்டு கழுத்து வரைக்கும் பட்டன் போட்டா குளிர்காத்து உள்ள வராது. எதிர்ப்பக்க காலருக்கு அடியில பட்டனோ பட்டியோ இருக்கான்னு தடவிப் பாருங்க.

கடைசியா வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிங்க. குட்டிக் குட்டியா ஓட்டை தெரிஞ்சா அந்துப்பூச்சி அரிச்சிருக்கு, எவ்வளவு சீப்பா கொடுத்தாலும் வீட்டுக்குள்ள கொண்டு வந்துடாதீங்க.