ரீஃபண்ட் ஏஜெண்டுகளையும் போலிச் சொத்துப் பாதுகாப்புத் திட்டங்களையும் அடையாளம் கண்டு புகார் செய்வது எப்படி?

அலுவலகங்களில், சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் ஃபாரம் 16 கைக்கு வரும் ஜூன் மாதத்திலிருந்தே, சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்தம் செய்யப்பட்ட வரியான டி.டி.எஸ். தொகையைப் பெருமளவு திரும்ப வாங்கித் தருவதாகக் கூறும் ஏஜெண்டுகளின் வாட்ஸ்அப் செய்திகள் உலவத் தொடங்கிவிடுகின்றன. 2025 ஜூலை 14 அன்று தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 150 இடங்களில் வருமான வரித் துறை நடத்திய சோதனை, இத்தகைய ஏஜெண்டுகள் ரிட்டர்னில், அதாவது வருமான வரிக் கணக்கில், வரியைக் குறைப்பதற்காக எழுதும் போலிக் கழிவுகளைக் குறிவைத்ததுதான். அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகத் துறை அறிவித்தது.

முதலில் கவனிக்க வேண்டியது, கட்டணம் கேட்கும் முறை. கிடைக்கும் ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று பேசுபவருக்கு, கழிவை ஊதிக் காட்டுவதில்தான் வருமானம். அடுத்தது ஆவணம். வாடகை ரசீது, மருத்துவக் காப்பீட்டு ரசீது, கல்விக் கடன் சான்று எதையும் கேட்காமல் ரிட்டர்ன் தாக்கல் செய்பவர், இல்லாத செலவைத்தான் எழுதப்போகிறார். அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக வருமான வரிச் சட்டத்தின் 80ஜிஜிசி பிரிவில் காட்டி, கமிஷன் போக மீதியைப் பணமாகத் திருப்பித் தருவதும் இதில் அடக்கம். இவை அனைத்தையும்விட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு: வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் உங்களுடைய இ-மெயிலுக்குப் பதிலாக ஏஜெண்டு உருவாக்கிய முகவரி பதிவாகியிருப்பது. பிறகு அவர் அந்த முகவரியைக் கைவிட்டுவிடுவதால், துறை அனுப்பும் நோட்டீஸ் உங்கள் கண்ணிலேயே படாமல் போகிறது. ரிட்டர்னில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பொறுப்பு உங்களுடையதுதான். தவறான தகவல் தந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக முடிவானால், அதனால் குறைந்துபோன வரித் தொகையின் மீது 200 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

சொத்துப் பாதுகாப்பு என்ற பெயரில் சொல்லப்படும் யோசனைகள் இன்னும் நயமானவை. கடன்காரர் தொட முடியாதபடி வீட்டை மனைவி பெயருக்குத் தானமாக எழுதிவிடலாம் என்பார்கள். ஆனால் கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கில் செய்த மாற்றத்தை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி அவர்கள் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கோரலாம். அப்படித் தானமாகக் கொடுத்த சொத்தின் வாடகையும் கணவரின் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். கணக்கில் வராத பணத்தில் ஓட்டுநர், பணியாளர் பெயரில் நிலம் வாங்கச் சொன்னால் அது பினாமி. சொத்து பறிமுதல் ஆவதோடு, ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனையும் உண்டு.

புகார் செய்ய வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில், வரி ஏய்ப்பு மற்றும் பினாமி சொத்து குறித்த மனுவுக்கென்று 2021 ஜனவரி முதல் தனி வசதி உள்ளது. பான் எண் இல்லாதவரும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. மூலம் மனு அளிக்கலாம். இறுதியில் தரப்படும் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், மனுவின் நிலையை அறியலாம். வாட்ஸ்அப் செய்திகள், விளம்பரத் துண்டு, யு.பி.ஐ. மூலம் செலுத்திய கமிஷனின் விவரம், தாக்கலான ரிட்டர்னின் நகல் ஆகியவற்றைப் புகார் செய்யப்போவதை ஏஜெண்டிடம் சொல்வதற்கு முன்பே சேமித்துவிட வேண்டும். ஊகத்தை உண்மைபோல எழுதாமல், யார், எப்போது, எவ்வளவு, எந்த வழியில் என்று நேரடியாகத் தெரிந்ததை மட்டும் எழுதினால் மனு வலுவாக இருக்கும்.

வந்தவர் ஆடிட்டர் என்று சொல்லிக்கொண்டால், அவர் கையெழுத்திட்ட சான்றிதழில் உள்ள 18 இலக்க அடையாள எண்ணான யு.டி.ஐ.என்.-ஐ இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் (ஐ.சி.ஏ.ஐ.) இணையதளத்தில் சரிபார்க்கலாம். உறுப்பினரே தவறு செய்திருந்தால் அந்நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவிடம் புகார் அளிக்கலாம்.

ஏற்கெனவே இந்த வலையில் சிக்கியவர்கள், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் முன்பு தாக்கல் செய்த ரிட்டர்னைத் திருத்துவதற்கான ஐ.டி.ஆர்.-யு படிவத்தில் பொய்க் கழிவை நீக்கித் தாக்கல் செய்வதே நல்லது. அந்த ரிட்டர்னுக்குரிய மதிப்பீட்டு ஆண்டு முடிந்த முதல் 12 மாதங்களுக்குள் செய்தால் வரி, வட்டியோடு அவற்றின் மீது 25 சதவீதம் கூடுதல் வரி. தாமதமாக ஆக அது படிப்படியாக 70 சதவீதம் வரை உயரும்.