விடுதி மாணவர் விடுப்பை மென்பொருள் வழியே கையாளும் முறை

உண்டு உறைவிடப் பள்ளியில் விடுப்பு மென்பொருளைத் தொடங்கும் முன், ஒவ்வொரு மாணவரையும் அழைத்துச் செல்ல உரிமையுள்ளவர்களின் பெயர், உறவு, புகைப்படம், கைப்பேசி எண் ஆகியவற்றைப் பெற்றோரின் கையொப்பத்துடன் வாங்கிப் பதிவேற்றுங்கள். குழந்தையின் பாதுகாப்புக்கு வேறு எதையும்விட இதுவே அடிப்படை என்பதால், இதில் அவசரம் கூடாது. பெற்றோர் செயலியில் அனுப்பும் விண்ணப்பம் வகுப்பாசிரியர், விடுதிக் காப்பாளர், தலைமையாசிரியர் என வரிசையாகச் செல்லட்டும். உடல்நலக் குறைவு போன்ற அவசரத்துக்கு மட்டும் காப்பாளரே ஒப்புதல் தரலாம். வாயிற்காவலர், பெற்றோரின் எண்ணுக்கு வந்த ஓடிபியையும் அழைக்க வந்தவரின் முகத்தையும் சரிபார்த்த பிறகே வெளியேறும் நேரத்தைப் பதிய வேண்டும். குறித்த நாளில் திரும்பாதவர்களின் பட்டியல் அன்று மாலையே காப்பாளருக்குத் தானாக வருமாறு அமையுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முந்தைய நாள் வாயிலில் கூட்டம் சேரும் என்பதால், வகுப்புவாரியாக நேரம் ஒதுக்கி, இணையம் நின்றாலும் வேலை நடக்க அச்சிட்ட பட்டியலொன்றையும் அங்கே வைத்திருங்கள்.